டி.வி. திரை பற்றிய காப்புரிமைக் கிளெய்மில் ‘குறைந்தது ஒன்று’ என்பதை எப்படிப் படிக்க வேண்டும்?

நொய்யல்கரை (சரவணம்பட்டி, கோவை):

வணக்கம். என்னுடன் படித்த இருவரோடு சேர்ந்து சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்தி வருகிறேன். ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கேபிள் ஆபரேட்டர்கள் வாங்கும் செட்டாப் பாக்ஸ்களுக்கு மெனு, சேனல் பட்டியல், நிகழ்ச்சி கைடு ஆகிய திரைகளை எழுதித் தருவது எங்கள் தொழில். எங்கள் மென்பொருள் ஓடும் பெட்டிகளை வாங்கிய ஆபரேட்டர் ஒருவருக்குச் சென்ற வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் கைடு திரை, இந்தியாவில் வழங்கப்பட்ட ஒரு காப்புரிமையின் முதல் கிளெய்மை (உரிமையின் எல்லையை வரையறுக்கும் வாக்கியத்தை) மீறுவதாகவும், பதினைந்து நாளுக்குள் பதில் அளிக்க வேண்டும் என்றும் அதில் எழுதியுள்ளார்கள். அனுப்பியவர் யார் என்பதை இங்கே எழுதுவது முறையாகாது. கிளெய்மின் சொற்களைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

அந்தக் கிளெய்ம் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக அரைப் பக்கத்துக்கு நீள்கிறது. நாங்கள் மூவரும் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து அதைத் தமிழில் இப்படி எழுதிக்கொண்டோம்:

“ஒரு தொலைக்காட்சி சிக்னல் பெறும் கருவி, அக்கருவி கொண்டிருப்பவை: நிகழ்ச்சி விவரங்களைச் சேமிக்கும் ஒரு நினைவகம், பயனர் தேர்ந்தெடுத்த சேனலின் காணொளியைத் திரையின் முதல் பகுதியில் இடைவிடாமல் காட்டிக்கொண்டே, அதே வேளையில் திரையின் இரண்டாம் பகுதியில் நிகழ்ச்சிப் பட்டியலைக் காட்டும் வகையில் அமைக்கப்பட்ட ஒரு செயலி, இதில் அப்பட்டியல் நேரம், சேனல், நிகழ்ச்சி வகை ஆகியவற்றுள் குறைந்தது ஒன்றின்படி வரிசைப்படுத்தப்படுகிறது, மேலும், ரிமோட்டின் ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தியதன் விளைவாக முதல் பகுதியிலுள்ள காணொளி முழுத் திரைக்கு விரிகிறது.”

எங்கள் திரையில் கைடு பட்டனை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் படம் வலது மேல் மூலைக்குச் சுருங்கும். கீழே சேனல் எண் வரிசையில் பட்டியல் வரும். நேர வரிசையோ வகை வரிசையோ எங்களிடம் இல்லை. வேறு அலைவரிசையில் (ஃபிரீக்வென்சியில்) உள்ள சேனலின் மீது கர்சர் போய் நின்றால், மூலையிலுள்ள படம் இரண்டு மூன்று விநாடி கடைசி ஃபிரேமில் உறைந்து நிற்கும். எக்சிட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் முழுத் திரை வரும். ஆனால் நிகழ்ச்சியின் கதைச்சுருக்கப் பெட்டி திறந்திருந்தால் முதல் அழுத்தத்தில் அந்தப் பெட்டி மட்டும் மூடும். இரண்டாம் அழுத்தத்தில்தான் படம் விரியும்.

எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. கிளெய்மில் ‘ஒரு நினைவகம்’ என்று இருக்கிறது, எங்கள் பெட்டியில் ஃபிளாஷ், ரேம் என்று இரண்டிலும் நிகழ்ச்சி விவரம் இருப்பதால் நாங்கள் அதற்குள் வரமாட்டோம் என்கிறார் ஒரு நண்பர். ‘குறைந்தது ஒன்று’ என்பதால் சேனல் வரிசை மட்டும் இருந்தாலே சிக்கிக்கொள்வோம் என்று மற்றவர் அஞ்சுகிறார். படம் உறைவதால் ‘இடைவிடாமல்’ என்ற சொல் எங்களுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். இத்தகைய வாக்கியத்தை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பவானிக்கூடல் (ஈரோடு):

காப்புரிமை முகவராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உங்கள் ஆவணத்தை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, ஆனால் படிக்கும் முறையைச் சொல்ல முடியும்.

உங்கள் மூன்று சந்தேகங்களில் இரண்டு, தமிழாக்கம் செய்தபோது உண்டானவை. புரிந்துகொள்வதற்காகத் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம், நானும் செய்வேன். ஆனால் எல்லையைத் தீர்மானிக்கும்போது மூலச் சொல்லைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும். ‘எ மெமரி’ என்று அங்கே இருந்திருக்கும். அதை ‘ஒரு நினைவகம்’ என்று எழுதினீர்கள். தமிழில் ‘ஒரு’ என்பதற்கு எண்ணிக்கைப் பொருள் ஒட்டிக்கொண்டே வரும். கிளெய்ம் எழுதும் மரபில் ‘எ’ என்பது பொதுவாக ஒன்றோ அதற்கு மேலோ என்று பொருள்படும். அதோடு ‘கம்ப்ரைசிங்’ என்ற சொல்லை ‘கொண்டிருப்பவை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது திறந்த சொல். சொன்னவை எல்லாம் இருக்க வேண்டும், அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் தடையில்லை. ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று இருந்தால்தான் ‘இவை மட்டுமே’ என்று மூடிய பொருள் வரும். ஆகவே இரண்டு நினைவகம் என்ற வாதம் நிற்காது. அந்த நண்பர் வருந்த வேண்டாம். புதிதாகப் படிக்கும் பலர் முதலில் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ‘ஆகியவற்றுள் குறைந்தது ஒன்று’ என்று நீங்கள் எழுதிய கணத்திலேயே ‘ஏதாவது ஒன்று போதும்’ என்று தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள், ஏனென்றால் தமிழில் ‘உள்’ என்ற உருபு வேறு பொருளுக்கு இடம் தராது. ஆங்கிலத்தில் ‘அட் லீஸ்ட் ஒன் ஆஃப் ஏ, பி அண்ட் சி’ என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. உங்கள் துறையிலேயே, அதுவும் நிகழ்ச்சி கைடு பற்றியே, அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது: சூப்பர்கைடு எதிர் டைரக்ட்டிவி, ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2004. பயனர் விரும்பும் நிகழ்ச்சியின் தொடக்க நேரம், முடியும் நேரம், சேவை, வகை என்று நான்கை அடுக்கி, முன்னால் ‘அட் லீஸ்ட் ஒன் ஆஃப்’ என்றும், கடைசிக்கு முன் ‘அண்ட்’ என்றும் எழுதியிருந்தார்கள். நான்கு இனங்களிலும் இனத்துக்கு ஒன்றாவது வேண்டும் என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. ‘ஆர்’ என்று எழுதியிருந்தால் காப்புரிமையாளருக்கு வேறு முடிவு கிடைத்திருக்கக்கூடும். ஓர் இடைச்சொல்லில் வழக்கு திரும்பியது.

இதைப் படித்ததும் நீங்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பொருளும் எல்லா ஆவணத்துக்கும் பொருந்தாது. அதே வழக்கில் இன்னொரு சொற்றொடர் காப்புரிமையாளருக்குச் சாதகமாகத் திரும்பியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘வழக்கமாகப் பெறப்படும் தொலைக்காட்சி சிக்னல்’ என்பதில் டிஜிட்டல் சிக்னல் அடங்குமா என்பது கேள்வி. விண்ணப்பித்த 1980களில் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தது அனலாக் என்பதால் கீழ் நீதிமன்றம் அனலாக் மட்டுமே என்றது. கிளெய்மின் சொல்லில் அப்படி ஒரு வரம்பு இல்லாததால் டிஜிட்டலும் அடங்கும் என்று மேல்முறையீட்டில் முடிவானது.

நம் நாட்டில் அடிப்படையாகச் சொல்லப்படுவது 1978 இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும் கருவி பற்றிய வழக்கு அது. கிளெய்மை முதலில் படித்துவிட்டு, கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்புக்குப் போகக் கூடாது. விவரக்குறிப்பை முதலில் படித்து, கண்டுபிடிப்பு எதைப் பற்றியது என்று மனத்தைத் தயார் செய்துகொண்டு பிறகு கிளெய்முக்கு வர வேண்டும் என்ற பழைய ஆங்கிலேய விதியை உச்ச நீதிமன்றம் அதில் ஏற்றது. ஆனால் உரிமையின் எல்லை கிளெய்மிலேயே இருக்கிறது. 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(4)(சி) பிரிவு, பாதுகாப்பு கோரும் எல்லையை வரையறுக்கும் கிளெய்மோடு விவரக்குறிப்பு முடிய வேண்டும் என்கிறது.

நம் பக்கத்துக் கிரயப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் முன்பகுதியில் பூமி யாருடையது, எப்படி வந்தது என்று விரிவாக இருக்கும். கடைசியில் சொத்து விவரத்தில் ‘இட்டேரிக்குத் தெற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு’ என்று நான்கு பக்கத்துக்கும் செக்குபந்தி வரும். பரப்பளவும் செக்குபந்தியும் முரண்பட்டால் பெரும்பாலும் செக்குபந்திதான் நிற்கும். ஆனால் எந்த இட்டேரி என்று சந்தேகம் வந்தால் முன்பகுதியைத்தானே புரட்டுகிறோம்? கிளெய்முக்கும் விவரக்குறிப்புக்கும் உள்ள உறவு அதுதான்.

ஆகவே மூன்றைச் செய்யுங்கள். முதல் கிளெய்மைச் சார்ந்து, அதைக் குறுக்கி எழுதிய சார்புக் கிளெய்ம்களைப் பாருங்கள்: ‘கிளெய்ம் 1 இல் கூறிய கருவி, இதில் வரிசை சேனலின்படி மட்டுமே’ என்று ஒன்று இருந்தால், முதல் கிளெய்ம் அதைவிடப் பரந்ததாக இருந்தாக வேண்டும், ‘ஒவ்வொன்றும் வேண்டும்’ என்ற வாதம் அங்கே முடிந்துவிடும். விவரக்குறிப்பில் ‘இடைவிடாமல்’ எதற்காகச் சொல்லப்பட்டது என்று தேடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, அலுவலகத்தின் ஆட்சேபங்கள் அடங்கிய முதல் ஆய்வறிக்கையையும் அதற்கு விண்ணப்பதாரர்கள் அளித்த பதிலையும் இறக்கிப் படியுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தி உரிமை உயிரோடு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். நோட்டீஸில் அமெரிக்கக் காப்புரிமையின் எண்ணும் இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஈரோட்டில் விற்ற பெட்டியை அது தொடாது.

இட்டேரி (அவிநாசி):

தம்பி, சட்டம் எனக்குத் தெரியாது. கேபிள் ஹெட்எண்டில் (சேனல்களைத் திரட்டி வீடுகளுக்கு அனுப்பும் நிலையத்தில்) இருபது ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படம் உறைகிறது என்று நீங்கள் எழுதியதை அப்படியே நோட்டீஸுக்குப் பதிலாக எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பெட்டியில், ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையை மட்டும் பிடிக்கும் டியூனர் ஒன்றுதான் இருக்கும். டி.வி.பி. என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் நிகழ்ச்சி விவரம் ஈ.ஐ.டி. என்ற அட்டவணையாக, பிஐடி (சிக்னலில் வரும் பாக்கெட்டின் அடையாள எண்) 18 இல் வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அந்த அலைவரிசையில் ஓடும் சேனல்களுக்கு மட்டுமான விவரம். மற்றொன்று, பிற அலைவரிசைகளில் உள்ள சேனல்களின் விவரத்தையும் இங்கேயே ஏற்றித் தருவது. அதை நாங்கள் ‘அதர்’ என்போம். ஹெட்எண்டில் ‘அதர்’ ஏற்றவில்லை என்றால், உங்கள் பெட்டி பக்கத்து அலைவரிசைக்குத் தாவி விவரத்தை எடுத்துவர வேண்டும். அந்த நேரத்தில் சிக்னல் கையில் இல்லாததால் படம் உறைகிறது. ஏற்றியிருந்தால் தாவ வேண்டியதே இல்லை, படமும் உறையாது. அதாவது உங்கள் மென்பொருள் ஒன்றே ஆனாலும், நாமக்கல்லில் ஒரு விதமாகவும் ஈரோட்டில் வேறு விதமாகவும் நடக்கக்கூடும். நோட்டீஸ் எந்த ஆபரேட்டருக்கு வந்ததோ அவருடைய ஹெட்எண்டில் பார்த்தீர்களா?

இன்னொன்றும் உண்டு. ‘அதர்’ இல்லாத இடத்திலும், கர்சர் அதே அலைவரிசைச் சேனல்களுக்குள் நகரும் வரை படம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அந்த நேரத்தில் கிளெய்ம் சொல்வது நடக்கிறதா இல்லையா என்று அந்த அம்மாதான் சொல்ல வேண்டும்.

நொய்யல்கரை:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை நான்கு நாளாகச் செய்து முடித்தோம்.

காப்புரிமை நடப்பில் இருக்கிறது. முன்னுரிமைத் தேதி (புதுமையைக் கணக்கிடும் நாள்) 2011. மூன்றாவது கிளெய்மில், அக்கா சொன்னது போலவே, வரிசை சேனலின்படி மட்டுமே என்று தனியாகக் கோரியிருக்கிறார்கள். எனவே ‘ஒவ்வொன்றும் வேண்டும்’ என்ற வாதத்தைக் கைவிட்டோம்.

ஆனால் முதல் ஆய்வறிக்கையில் ஒரு பழைய அமெரிக்க ஆவணம் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. சுருங்கிய படமும் பட்டியலும் அதிலும் உண்டு. பட்டியல் ஏறும் வரை படம் நின்றுவிடும். அதற்கு அளித்த பதிலில்தான் ‘இடைவிடாமல்’ என்ற சொல்லைக் கிளெய்மில் சேர்த்து, பட்டியலைத் திறப்பதிலிருந்து மூடுவது வரை பார்வையாளர் ஒரு கணத்தையும் இழப்பதில்லை, அதுவே தங்கள் கண்டுபிடிப்பின் வேறுபாடு என்று வாதிட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்த மகிழ்ச்சியோடு மூன்று ஊர் ஹெட்எண்டிலும் பெட்டியை வைத்து, திரையில் விநாடி எண் ஓடும் சேனலைப் போட்டு, கைபேசியில் படம் பிடித்தோம். நாமக்கல்லிலும் திருப்பூரிலும் எண் இரண்டு மூன்று விநாடி தாண்டிக் குதிக்கிறது. ஈரோட்டில் ஒரு விநாடிகூடக் குதிக்கவில்லை. அண்ணா சொன்ன ‘அதர்’ அங்கே ஏற்றப்பட்டிருக்கிறது. நோட்டீஸ் வந்தது ஈரோட்டு ஆபரேட்டருக்கு.

பவானிக்கூடல்:

உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு நன்றி. பாதகமான முடிவை மறைத்துக்கொண்டு ஆலோசனை கேட்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அவிநாசி ஐயா கேட்ட கேள்வி கூர்மையானது. கருவி சில நேரம் மட்டும் கிளெய்மின்படி நடந்தாலும் மீறலாகலாம் என்பதே எச்சரிக்கையான நிலை. ஆனால் இங்கே அவர்களே ‘திறப்பதிலிருந்து மூடுவது வரை ஒரு கணமும் இழப்பதில்லை’ என்று சொல்லி உரிமை வாங்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு பொருளைச் சொல்லி வாங்கிவிட்டு, உங்களிடம் வேறு பொருளைச் சொல்வது அவர்களுக்குக் கடினம். எனவே திருப்பூர், நாமக்கல் பெட்டிகளுக்கு உங்கள் வாதம் வலுவானது. ஈரோட்டில் அது கிடைக்காது. கதைச்சுருக்கப் பெட்டிக்கு இரண்டு அழுத்தம் வேண்டும் என்பதும் காப்பாற்றாது, ஏனென்றால் அது மூடியிருக்கும் நிலையில் ஒரே அழுத்தத்தில் திரை விரிகிறது.

ஈரோட்டுக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன. முதலாவது திரையையே மாற்றுவது. கிளெய்ம், காணொளி முதல் பகுதியில் இருந்து பிறகு முழுத் திரைக்கு ‘விரிகிறது’ என்கிறது. படத்தைச் சுருக்காமல் முழுத் திரையிலேயே ஓடவிட்டு, பட்டியலை அதன் மேல் ஒளி ஊடுருவும் அடுக்காகக் காட்டினால், விரிவதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்த உறுப்பு இல்லை என்றால் கிளெய்ம் முழுவதும் பொருந்தாது. எல்லா உறுப்பும் இருந்தாக வேண்டும். அத்தகைய அடுக்கையும் விவரக்குறிப்பு ‘முதல் பகுதி’ என்று எங்காவது அழைத்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இனி விற்கும் பெட்டிகளுக்கு இது போதும். ஏற்கெனவே விற்றவற்றுக்குப் போதாது.

இரண்டாவது, உரிமையின் செல்லுபடியையே எதிர்ப்பது. காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்று சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. 13(4) பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. ரத்துக்கான 64 ஆம் பிரிவின் காரணங்கள் அனைத்தையும் 107 இன்படி எதிர்வாதமாகவும் வைக்கலாம். 3(என்) பிரிவு, தகவலை வெறுமனே காட்சிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 3(கே) கணினி நிரலைத் தன்னளவில் விலக்குகிறது. திரை பற்றிய கிளெய்ம்களில் நினைவகம், செயலி என்று வன்பொருளை அடுக்குவதற்கு இவையும் ஒரு காரணம். ஆனால் என் அனுபவத்தில் இவற்றைவிடப் பழைய ஆவணமே உறுதியான ஆயுதம். 2011க்கு முன்பே, ‘அதர்’ அட்டவணையைப் பயன்படுத்திப் படம் நிற்காமல் கைடு காட்டிய பெட்டி இருந்திருந்தால், அதைப் பாருங்கள். பொதுப் பயன்பாடு என்றால் இந்தியாவில் நடந்திருக்க வேண்டும். வெளியீடு என்றால் உலகில் எங்கு அச்சாகியிருந்தாலும் கணக்கில் வரும். புதுமை இல்லை என்று சொல்ல, கிளெய்மின் எல்லா உறுப்புகளும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும், ரிமோட் பட்டனின் ஒரே அழுத்தம் உட்பட. தேதி அச்சிடப்பட்ட பக்கத்தைத் தவற விடாதீர்கள்.

அவர்கள் கோவை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நீங்கள் ரத்துக்கு எதிர்க்கோரிக்கை வைத்தால், 104 ஆம் பிரிவின்படி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறும். அந்தச் செலவையும் ஆபரேட்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பதிலை அவருடைய வக்கீல் பெயரில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் படம் உறைவது பற்றி எதுவும் வேண்டாம். மறுப்பும், கூடுதல் அவகாசமும், எந்த உறுப்பு எங்கே பொருந்துகிறது என்று அவர்கள் வரைந்த ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்பதும் போதும்.

இட்டேரி:

தம்பி, 2008 இல் என் வீட்டுக்கு வாங்கிய டி.டி.எச். பெட்டி பரணில் இருக்கிறது. கைடு திறந்தாலும் மூலையில் கிரிக்கெட் நிற்காமல் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் கையேடும், கடை ரசீதும் அதே அட்டைப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று கையேட்டில் படத்தோடு போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிநாசிக்கு வாருங்கள், இறக்கிப் பார்ப்போம். வரும்போது அந்தக் கிளெய்மை ஆங்கிலத்திலேயே அச்செடுத்து வாருங்கள்.